திருப்பிக் கட்டிய கிட்டார்

தோரிகா வீட்டுக் கிட்டாருக்கு ஐந்து கம்பிதான். ஆறாவது கம்பி மாவு டின்னின் அடியில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அது அறுந்த கம்பி இல்லை, நல்ல கம்பி. தோரிகாவே கழற்றி ஒளித்து வைத்தாள்.

எதற்கு இந்தத் திருட்டு வேலை என்று கேட்கிறீர்களா? எங்கள் தீவில், வுனிவாவு கிராமத்தில் பிறந்திருந்தால் கேட்கமாட்டீர்கள். இங்கே சொந்தக்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்து, "கேரேகேரே, உன் கோடாலியைக் கொடேன்" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் முடிந்தது கதை. இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பாது. ஊரே சொந்தம், அதனால் ஊரே கேட்கும். போன கோடாலி திரும்பி வந்தால் உண்டு, வராவிட்டால் போய்க் கேட்பதும் அழகில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. போன புயலில் என் கூரை பறந்தபோது எனக்குத் தரத் தகரம் இல்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் கொடுத்துக் கொடுத்தே தேய்ந்துபோகிற ஆட்களும் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள். தோரிகா அந்த ஜாதி.

மலைமேல் இருக்கும் பள்ளிக்கூட விடுதியில் அவள் தலைமைச் சமையல்காரி. ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். விடுதிப் பிள்ளைகள் அவள் கரண்டிச் சத்தத்துக்கே வரிசையில் நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவளின் வீட்டில் அவள் சொந்தப் பானை ஒன்றில் அவள் சமைத்து வருஷக்கணக்காகிறது. பெரிய பானை பெரியப்பா வீட்டில். தையல் மெஷின் பாதிரியாரின் மனைவியிடம். கல்யாணத்துக்கு முடைந்த பாய் யாருடைய கல்யாணத்துக்கோ போய் அங்கேயே தங்கிவிட்டது. குடை எங்கே இருக்கிறதென்று குடைக்கே தெரியாது.

அவளோ ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு போவாளே தவிர, வழியில் ஒரு வீட்டு வாசலில் நின்று, "ஒரு குடை குடுங்க" என்று கேட்கமாட்டாள். கேட்டால் ஓடி வந்து கொடுக்கிற ஊர் இது. இருந்தும் அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வராது. ஏன் என்று அவளுக்கே தெரியாது.

கிட்டார் வந்தது தேவாலயத்துக் குலுக்கலில். முதல் பரிசு ஃப்ரீசர், இரண்டாவது கிட்டார், மூன்றாவது ஒரு மூட்டை மாவு. தோரிகா ஆசைப்பட்டது மாவுக்கு. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்த அந்தக் கொஞ்ச தூரத்துக்குள், "நல்லாருக்கே, நல்லாருக்கே" என்று நான்கு பேர் தடவிப் பார்த்துவிட்டார்கள். எங்கள் ஊரில் நல்லாயிருக்கே என்றால் பாதி கேட்டாயிற்று என்று அர்த்தம். ஐந்தாவது ஆள் வாயைத் திறக்கும் முன், "ஒரு கம்பி சரியில்ல" என்று தோரிகா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்! வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கம்பியைக் கழற்றிப் பொய்யை உண்மையாக்கினாள்.

அதன்பின் இரண்டு வருஷம் அது சுவரில் தொங்கியது. கேட்டு வந்தவர்கள் எல்லோரும் ஐந்து கம்பியைப் பார்த்து, "அட பாவமே" என்று திரும்பிப் போனார்கள். அவள் புருஷன் பெதேலி, கொப்பரை லாரி ஓட்டுகிறவன், எப்போதாவது அதை எடுத்து மடியில் வைத்து இரண்டு தட்டுத் தட்டுவான். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

சரி, மாவு மூட்டைக்கு ஆசைப்பட்டவளுக்குக் கிட்டார்மேல் அப்படி என்ன ஒட்டு?

தோரிகாவுக்கு நொட்டாங்கைதான் சோத்தாங்கை. கிழங்கு வெட்டுவது, கரண்டி பிடிப்பது, பிள்ளைகளின் காதைத் திருகுவது எல்லாம் இடதுகையால்தான். சின்ன வயதில் அவர்கள் வீட்டுப் பக்கம் மொத்தத்துக்கும் ஒரே கிட்டார். கை மாறி மாறி வரும். தோரிகாவின் முறை வந்தபோது அவள் தன் கைக்கு வந்தபடி எடுத்துப் பிடித்தாள். "ஏன்டி தலைகீழாத் தூக்குற, வௌவாலுக்குப் பொறந்தவளே!" என்று பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேராகப் பிடித்தால் கை ஓடவில்லை. திருப்பிப் பிடித்தால் கம்பிகள் ஏறுக்குமாறாக வந்தன. கம்பியை மாற்றிக் கட்டலாம்தான். ஆனால் ஊருக்கே ஒரு கிட்டாரை ஒருத்திக்காக மாற்றிக் கட்டுவதா? அப்படிக் கேட்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்கிற பெண்ணாக இருந்திருந்தால்தானே!

ஆனால் கண் சும்மா இருக்குமா? அவள் தாய்மாமன் மகன் எமோசி ஊரிலேயே பெரிய வாசிப்புக்காரன். சாயங்காலம் யங்கோனா வேர்ப்பொடி கரைத்து வட்டமாக உட்கார்ந்து சிரட்டையில் குடித்துப் பாடும்போது, எமோசி பெரிய ஆட்களுக்கான மேல்பக்கம் உட்காருவான். தோரிகா கதவோரம், நேர் எதிரே. எதிரே இருந்து பார்க்கிறவளுக்கு அவன் கை கண்ணாடியில் தெரிகிற கை. அவனுடைய வலது அவளுக்கு இடது. ஊரில் மற்ற எல்லோரும் மண்டைக்குள் திருப்பிப் போட்டுக் கற்றுக்கொண்டதை, இவள் பார்த்தபடியே எடுத்துக்கொள்ள முடிந்தது. அவன் விரல் எங்கே போகிறதோ, இவள் விரல் பாவாடை மடிப்பில் அங்கே போகும். மறுநாள் விடுதியில் துடைப்பக் கட்டையில் போகும். முப்பது வருஷமாக இப்படி. ஒரு சத்தமும் வராமல் அவளுக்கு எல்லாப் பாட்டும் வாசிக்கத் தெரியும், அல்லது தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் தெரியுமா என்பதுதான் அவளை அரித்த கேள்வி.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எமோசி வந்தான். வாசலிலேயே குரல்.

"அத்தை மகளே! உசுரோட இருக்கியா, இல்ல உன் சூப்பையே குடிச்சுப் போயிட்டியா?"

"உள்ள வா மச்சான். கால அலம்பிட்டு வா. போன தடவ உன் காலோட பாதி ஆத்துமண்ணு என் வீட்டுக்குள்ள வந்துச்சு."

அவன் உட்கார்ந்தான். டீ குடித்தான். கிட்டாரைப் பார்த்தான்.

"எங்க குழுவோட கிட்டார் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருச்சு தெரியுமா? அண்ணன் மகன் ஆப்பிள் பறிக்கப் போறேன்னான். கேட்டான், குடுத்துட்டோம். இப்போ புது மண்டபத் திறப்பு விழா வருது. ரெண்டாவது கிட்டார் இல்லாம பாட்டு ஒத்தக் கால்ல நிக்குது."

"அதுக்கு ஒரு கம்பி இல்லியே மச்சான்."

எமோசி சட்டைப்பையில் கை விட்டான். காகித உறையில் புத்தம்புதுக் கம்பி. அவள் முன்னால் வைத்துவிட்டுப் பல்லைக் காட்டினான்.

"சவுசவு டவுன்ல வாங்கினேன். இப்ப என்ன சொல்ற? கேரேகேரே. கிட்டாருக்குப் பழசான உடம்புதான், அதனால கொஞ்சம் வேலையும் பாத்துக்கறேன். தடிக் கம்பி ரெண்டையும் எடுத்துட்டு மெல்லிசாவே மாட்டினா மேல்பாட்டு வாசிக்க அம்சமா இருக்கும்."

இரண்டு வருஷம் காப்பாற்றிய பொய் ஒரு காகித உறையில் செத்துப்போனது. தோரிகா உறையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அடுத்த சனிக்கிழம வா," என்றாள். "தூசி தட்டி வைக்கிறேன்."

அந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு ஒரு யோசனை. பெதேலி, "சும்மா சுவர்ல கெடக்கட்டுமே, வீட்டுக்கு ஒரு லட்சணமா இருக்கு. எமோசிகிட்ட நான் பேசறேன்" என்றான். பேசமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். கேட்டவனிடம் இல்லை என்று சொல்ல அவனாலும் ஆகாது. விடுதியில் லால் டீச்சர் வேறு ஒரு வழி சொன்னாள்.

"என் பையன் சுவா பட்டணத்துல கிட்டார் தேடிக்கிட்டு இருக்கான் தோரிகா. நல்ல விலை தரேன். துணி துவைக்கிற மெஷின் வாங்கிக்கலாம். எத்தன நாளைக்கு ஆத்துல போட்டு அடிப்ப?"

"வித்தா காசு வரும் டீச்சர். காசு வந்தது ஊருக்குத் தெரியும். கிட்டாராச்சும் சுவர்ல ரெண்டு வருஷம் இருந்துச்சு. காசு சனிக்கிழம வரைக்கும் தாங்காது."

"அப்ப மெஷினா வாங்கிடு."

"மெஷின் வாங்கினா துணியெல்லாம் எங்க வீட்டுக்கு வரும். துவைக்கிறது யாரு?"

லால் டீச்சர் சிரித்துவிட்டாள். தோரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பெதேலி லாரி எடுத்துப் போன பின், அவள் கிட்டாரை இறக்கினாள். தன் கைக்கு வந்தபடி, தலைகீழாகவே, மடியில் அணைத்தாள். அலமாரிக் கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தாள். அதில் ஒரு பொம்பளை ஊரில் எல்லோரையும்போல நேராகக் கிட்டார் பிடித்து உட்கார்ந்திருந்தாள். யார் இவள் என்று தோரிகா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்காரியும் பார்த்தாள். அவளுக்குக் கை தலைகீழாக இல்லை. அவளை யாரும் வௌவால் என்று சொல்லமாட்டார்கள்.

கம்பியை மாற்றிக் கட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போது பிடித்துக்கொண்டது. பிடித்த கேள்வி லேசில் விடாது. ஐந்தையும் கழற்றினாள். டின்னில் இருந்த ஆறாவதையும் மாவு தட்டி எடுத்தாள். தடிக் கம்பி இருந்த இடத்தில் மெல்லியதும், மெல்லியது இருந்த இடத்தில் தடியும் வைத்துப் பார்த்தாள். கழுத்து முனையில் கம்பிகள் படிகிற சின்னத் துண்டு ஒன்று உண்டு, பிளாஸ்டிக். அதில் தடிக்கு அகலப் பள்ளம், மெல்லியதற்கு ஊசிப் பள்ளம். மாற்றினால் தடிக் கம்பி பள்ளத்தில் உட்காராமல் துள்ளியது. மெல்லியது அகலப் பள்ளத்தில் விழுந்து வண்டுபோல் இரைந்தது. சரிதான், இது வேறு துண்டு கேட்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

புதன்கிழமை விடுதியில் எலும்பு சூப். பானையில் மாட்டுக்கால் எலும்பு, நாள் முழுக்க வெந்து வெளுத்தது. அதில் மூன்று துண்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். பெதேலியின் கத்தி தீட்டுகிற அரம் இருக்கவே இருக்கிறது. பின்வாசல் படியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். பெதேலி வந்து நின்றான்.

"என்ன பண்ற?"

"பல்லு கட்டறேன்."

"யாருக்கு?"

"கிட்டாருக்கு."

அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குனிந்து மோந்து பார்த்தான். "சூப்பு வாசன வருதே" என்றான். பிறகு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். ஆனால் அரத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிற நுணுக்கமான பல்லைக் காட்டிவிட்டுத்தான் போனான். முதல் துண்டு பிளந்தது. இரண்டாவது குட்டையாகிப் போனது. மூன்றாவதில் பள்ளங்கள் ஒழுங்காக விழுந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு கம்பியும் திரும்பி உட்கார்ந்திருந்தன. எமோசி வாங்கி வந்த புதுக் கம்பி அப்படியே உறையில் இருந்தது. தோரிகா அதைத் தொடவில்லை.

கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தாள். எமோசி செய்வதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகியிருந்தது. விரல் வைத்தாள். மீட்டினாள். சத்தம் கொஞ்சம் கரகரப்புதான், விரல் நுனி எரிந்தது, ஆனால் அது பாட்டு. துடைப்பக் கட்டையில் முப்பது வருஷம் ஊமையாக இருந்த பாட்டு. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உடனே பயமும் வந்தது. நாளைக்குச் சனிக்கிழமை.

எமோசி வந்தான், கூட இரண்டு பேர். தோரிகா தானே சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் மடியில் வைத்து, கண்ணை மூடி, ஜம்மென்று ஒரு இழுப்பு இழுத்தான். வெளியே கோழி பறந்தது. கூட வந்தவன் ஒருவன் டீயைத் துப்பிவிட்டான்.

"இது என்னடி எழவு!" எமோசி கிட்டாரைத் தூக்கிப் பார்த்தான். "எந்தப் படுபாவி இதைக் கெடுத்தது?"

"கெடுக்கல. திருப்பியிருக்கேன்."

"யாருக்காக?"

சேலைத்தலைப்பு இருந்தால் தோரிகா தன் இடதுகையை அதில் ஒளித்திருப்பாள். எங்கள் பொம்பளைகளுக்கு அது இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எமோசி அவள் ஒளித்த கையைப் பார்த்தான், கிட்டாரைப் பார்த்தான், பிறகு சிரிக்காமல் சுவரில் மாட்டிவிட்டு எழுந்தான். எமோசி சிரிக்காமல் ஒரு வீட்டைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தேவாலய வாசலில் பொம்பளைகள் அவள் காதில் விழும்படியாகவே பேசினார்கள். "ஒருத்தருக்கும் உதவாமப் பண்ணிட்டாளாமே. நம்மளையெல்லாம் கேட்டு வரக்கூடாதுன்னு ஒரு தந்திரம்." இது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் தோரிகாவைக் குத்தியது. வீட்டுக்கு வந்து பெதேலியிடம் கேட்டாள்.

"நான் பண்ணது தப்பா?"

பெதேலி மரவள்ளிக்கிழங்கை மென்று விழுங்கினான். "ஒருத்தர் மட்டுமே தொடற சாமானை நான் பார்த்ததில்ல. அது எப்படியிருக்கும்னு பார்ப்போமே" என்றான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் வாசிக்க வெட்கம். அதனால் அவள் கிட்டாரைச் சாக்கில் சுற்றி விடுதிக்கு எடுத்துப் போனாள். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பின், சாமான் அறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வாசிப்பாள். விரல் நுனி கொப்புளித்து, உரிந்து, தடித்தது. பாட்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சில இடத்தில் அவள் மனத்தில் இருந்தது ஒன்று, கையில் வந்தது வேறு. அங்கெல்லாம் எமோசியின் கையை மறுபடி கண்முன் கொண்டுவந்து பார்ப்பாள். அவன் சின்ன விரல் ஒரு இடத்தில் வீணாக மேலே எழும்பும். அது பழக்கதோஷம். அதையும் விடாமல் கற்று வைத்திருக்கிறோம் என்று கண்டபோது தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

ஒருநாள் வாசித்து முடித்து வெளியே வந்தால், பின்வாசலில் டாலோ கிழங்கு மூட்டைகள் இறங்கியிருந்தன. விடுதிக்குக் கிழங்கு போடுகிறவன் எமோசி. எப்போதும் அரை மைலுக்கு அந்தப்பக்கமிருந்தே கூப்பாடு போட்டுக்கொண்டு வருகிறவன், இன்று ஒரு சத்தமும் இல்லாமல் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மூட்டையின்மேல் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானோ! தோரிகாவுக்குக் காது சூடானது. இனி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வௌவால் கதை மறுபடி ஆரம்பம்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில், பொழுது சாயும் நேரத்தில், குழு மொத்தமும் தோரிகாவின் வீட்டுக்கு வந்தது. எல்லோரும் சலவைச் சட்டை போட்டு, நல்ல சுலு வேட்டி கட்டியிருந்தார்கள். எமோசியின் கையில் யங்கோனா வேர்க்கட்டு, பெரிய மனிதர்களிடம் பெரிய விஷயம் கேட்கப் போகும்போது எடுத்துப்போகிற அளவுக்குப் பெரியது. வாசலில் கூப்பாடு இல்லை. கால் அலம்பியிருந்தான்.

பாயில் சம்மணமிட்டு, வேர்க்கட்டைப் பெதேலியின் முன்னால் வைத்தான். தோரிகா கதவோரம் நின்றாள். மறுபடியும் கிட்டாருக்குத்தான் வந்திருக்கிறார்கள், திருப்பிக் கட்டச் சொல்லிக் கேட்கப் போகிறார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இவ்வளவு பெரிய வேர்க்கட்டுக்கு மேல் என்ன சொல்லித் தப்பிக்க முடியும்? "ஒரு கம்பி..." என்று பழைய பொய் தானாக வாயில் வந்து நின்றது.

"அண்ணே," என்றான் எமோசி. குரலில் குறும்பு துளிகூட இல்லை. "மண்டபத் திறப்புக்கு எங்களுக்கு ரெண்டாவது கிட்டார் இல்ல. இந்த வீட்டுக் கிட்டாரைக் கேட்டுப் பிரயோசனம் இல்ல. அது எங்க கைக்குப் பேசாது. அதனால நாங்க கிட்டாரக் கேட்டு வரல. தோரிகாவக் கேட்டு வந்திருக்கோம்."

பெதேலி வேர்க்கட்டைத் தொட்டான், ஆனால் எடுக்கவில்லை, எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

"கேட்டா இல்லன்னு சொல்ற பழக்கம் இந்த வீட்டுல கிடையாது," என்றான். "ஆனா இது நான் எடுத்துக் குடுக்கிற சாமான் இல்ல எமோசி. அவகிட்டயே கேளு."

எமோசி உட்கார்ந்தபடியே கதவோரம் திரும்பினான். வேர்க்கட்டை இரண்டு கையாலும் தூக்கி அவள் முன்னால் நகர்த்தி வைத்தான். பானை கேட்டவர்கள், பாய் கேட்டவர்கள், குடை கேட்டவர்கள் எல்லோரும் இதே கதவோரத்தில் நின்றவர்கள்தான். அவளை யாரும் இதுவரை கேட்டதில்லை. தோரிகாவுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை. குனிந்து வேர்க்கட்டை எடுத்து அணைத்துக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஆனா ஒண்ணு மச்சான். உன் பக்கத்துல உக்காந்து எனக்கு வாசிக்க வராது. நேர் எதிர்ல உக்காரணும்."

"ஏன், என் அழகைப் பாத்துக்கிட்டே வாசிக்கணுமா?"

"உன் மூஞ்சிய எவ பாத்தா? உன் கையத்தான் பாத்தேன், முப்பது வருஷமா."

எமோசி தன் சின்ன விரலை, அந்த வீண்பழக்க விரலை, உயர்த்திப் பார்த்துக்கொண்டான். மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டபோது யாருடைய வாசிப்பு என்று புரியாதது இப்போது புரிந்திருக்க வேண்டும்.

"அடிப்பாவி! அத்தனையும் என் வாசிப்பு! கேட்டுக்கிங்க அண்ணே, என் கண்ணு முன்னாலயே உக்காந்து களவாண்டிருக்கா! ஏன்டி, ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கம்பிய மாத்திக் கட்டிச் சொல்லிக் குடுத்திருக்கமாட்டேனா?"

"குடுத்திருப்ப மச்சான்," என்றாள் தோரிகா. "எனக்குத்தான் கேக்கத் தெரியல."

அவள் சுவரிலிருந்து கிட்டாரை எடுத்து, கதவோரத்தை விட்டு நடந்து வந்து, பாயின் நடுவே எமோசிக்கு எதிரே உட்கார்ந்தாள். தன் கைக்கு வந்தபடி பிடித்தாள். பிறகு நிமிர்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, வாய்விட்டுக் கேட்டாள்.

"கேரேகேரே, மொதப் பாட்ட நான் ஆரம்பிக்கட்டுமா?"